கூட்ஸ் ஷெட் அரிசி

போன மாசம் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போயிட்டு இருந்தேன். விழுப்புரம் ஜங்ஷன்ல வண்டி வழக்கம்போல ரொம்ப நேரம் நின்னுது. ஜன்னல் வழியா பார்த்தா, பக்கத்து லைன்ல ஒரு கூட்ஸ் வண்டி. மூடின பெட்டிகள், துருப்பிடிக்காத வெளிர் நிறம், பக்கவாட்டுல பி.சி.என்.எச்.எல்.னு பெருசா எழுதியிருந்தது. பொழுது போகாம எண்ணினேன். ஐம்பதைத் தாண்டினதும் எங்க வண்டி கிளம்பிடுச்சு, கணக்கு விட்டுப் போச்சு.

எனக்கு கூட்ஸ் வண்டியைப் பார்த்தா தாத்தா ஞாபகம் வந்துடும். அவர் பாண்டிச்சேரி கூட்ஸ் ஷெட்டுல லோடுமேன். ரயில்வே ஊழியர் இல்லை, மேஸ்திரிகிட்ட மூட்டைக் கணக்குல கூலி வாங்கினவர். பிரெஞ்சுக்காரன் போன பிறகு வேலைக்குச் சேர்ந்து, முதுகு "போதும்டா"ன்னு சொன்ன நாள் வரைக்கும் தூக்கினார். வலது தோள்ல கழுத்துக்குக் கீழே ஒரு மேடு இருக்கும். சின்ன வயசுல நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியா இருக்கும்.

"இதுல ஒரு கூட்ஸ் வண்டியே இருக்குடா"ம்பார்.

இந்தப் பதிவு அந்த மேட்டைப் பற்றி. அதாவது, தானியம் ஏத்துற ரயில் பெட்டி எப்படி எல்லாம் மாறிச்சு, அதுல நம்ம ஊர் எங்கே நிக்குது என்பதைப் பற்றி. கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டுட்டு வந்து உட்காருங்க மக்களே.

பசியும் பாதையும்

பாண்டிச்சேரிக்குப் பசி புதுசில்லை. 1760-ல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் ஊரைச் சுத்தி வளைச்சப்ப, லாலியோட படையை அடக்கினதுல பீரங்கிக்கு இருந்த பங்கு பசிக்கும் இருந்தது. 1761 ஜனவரியில சரணடைஞ்சாங்க. அப்புறம் ஊரையே இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்க. சாப்பாடு உள்ளே வர்ற வழியை அடைச்சா ஒரு ஊர் என்ன ஆகும்னு இந்த ஊருக்கு அப்பவே தெரியும்.

நூறு வருஷம் கழிச்சு தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்துல லட்சக்கணக்கான பேர் செத்தாங்க. ரயில் இருந்த இடத்துக்கெல்லாம் தானியம் போச்சுங்கிறது ஒரு பக்கம். அதே ரயில்தான் விலை எங்கே அதிகமோ அங்கே தானியத்தை உறிஞ்சிட்டுப் போச்சுங்கிறது இன்னொரு பக்கம். ஆர்தர் காட்டன் போன்றவங்க, ரயிலுக்குக் கொட்டுற பணத்தை வாய்க்காலுக்குக் கொட்டுங்கடான்னு ரொம்ப நாளா கத்திக்கிட்டு இருந்தாங்க. ரயில்ங்கிறது ஒரு குழாய்தான். எந்தப் பக்கம் ஓடணும்னு குழாய் முடிவு பண்றதில்லை.

அந்தப் பஞ்சம் முடிஞ்ச கையோடதான் 1879 டிசம்பர்ல விழுப்புரம் - பாண்டிச்சேரி பாதை திறந்தாங்க. மீட்டர் கேஜ். பிரெஞ்சு ஊருக்குள்ள வர்ற வண்டியை ஓட்டினது ஆங்கிலேயக் கம்பெனியான தென்னிந்திய ரயில்வே. பஞ்சம் முடிஞ்சதும் வந்த பாதையாச்சே, அரிசி கொண்டு வரத்தான் போட்டிருப்பாங்கன்னு நினைக்காதீங்க. உள்நாட்டுல விளைஞ்ச மல்லாட்டை (மத்த ஊர்க்காரங்களுக்கு வேர்க்கடலை) துறைமுகத்துக்கு வந்து மார்செய்க்குக் கப்பல் ஏறினதுதான் இந்த ஊர் வியாபாரத்துல பெரிய சங்கதி. குழாய் ஓடின திசை புரியுதா?

தாத்தாவின் ஏழு தோள்கள்

இப்ப ஒரு கம்ப்யூட்டர்காரன் மூளையோட ஒரு கணக்கு. தாத்தா காலத்துல வடக்கே இருந்து வர்ற ஒரு மூட்டை எத்தனை தடவை மனுஷன் தோள்ல ஏறும்?

கிடங்குல இருந்து லாரிக்கு ஒண்ணு. லாரியில இருந்து வேகனுக்கு ரெண்டு. வடக்கே அகலப் பாதை, இங்கே மீட்டர் கேஜ். அதனால வழியில அந்த வேகன்ல இருந்து இந்த வேகனுக்கு மூணு. பாண்டி ஷெட்டுல வேகன்ல இருந்து லாரிக்கு நாலு. லாரியில இருந்து கிடங்கு அட்டிக்கு அஞ்சு. அட்டியில இருந்து மறுபடி லாரிக்கு ஆறு. ரேஷன் கடை வாசல்ல ஏழு.

ஏழு தோள். அந்தக் காலத்து மூட்டை 100 கிலோ வரைக்கும் இருக்கும். ஒவ்வொரு தடவையும் கொக்கி போட்டு இழுத்தா சாக்குல ஓட்டை. தரம் பார்க்கிறவர் குத்தூசி போட்டா இன்னொரு ஓட்டை. வேகன் கதவு சரியா மூடாது, இடுக்குல பழைய சாக்கைத் திணிப்பாங்க. மழையில கூரை ஒழுகினா ஒரு மூலை முழுக்க கட்டி கட்டியா, கருப்பா.

அந்த மூணாவது தோள் இருக்கே, அதுதான் என் துறைக்காரங்களுக்கு நல்லா புரியும். ரெண்டு சிஸ்டம், ரெண்டு ஃபார்மேட், நடுவுல உட்கார்ந்து ஒவ்வொரு ரெக்கார்டா கையால மாத்துற வேலை. இதுல கொடுமை என்னன்னா, நாகப்பட்டினம் - திருச்சி பாதையை 1860-களில் முதல்ல அகலப் பாதையாத்தான் போட்டாங்க. செலவு குறையும்னு 1870-களில் மீட்டர் கேஜா மாத்தினாங்க. அப்புறம் மறுபடி அகலப் பாதை. ரோல்பேக் பண்றதுக்கு நூறு வருஷத்துக்கு மேல எடுத்துக்கிட்ட ஒரே ப்ராஜெக்ட் இதுவாத்தான் இருக்கும் :-)

எங்க விழுப்புரம் - பாண்டி பாதை அகலமானது 2004-ல். எனக்கு அப்ப ஆறேழு வயசு. புது வண்டி பார்க்க தாத்தா என்னைக் கூட்டிட்டுப் போனார். எல்லாரும் இஞ்சினைப் பார்த்தாங்க, அவர் குனிஞ்சு தண்டவாளத்தைப் பார்த்தார். "இது மட்டும் நாப்பது வருசம் முன்ன வந்திருந்தா எவ்ளோ பேர் முதுகு பொழச்சிருக்கும்"னார். அப்ப எனக்கு ஒண்ணும் புரியலை.

இந்திய வேகனின் பரிணாமம் (சுருக்கமா)

1965 ஜனவரி 14-ம் தேதி, பொங்கல் அன்னிக்கு, இந்திய உணவுக் கழகம் தொடங்கினாங்க. அப்ப உணவு அமைச்சர் நம்ம சி. சுப்பிரமணியம். தலைமை அலுவலகம் சென்னையில, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர்ல. அமெரிக்கக் கோதுமைக் கப்பல் எப்ப வரும்னு துறைமுகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்த காலம் அது. அப்புறம் பசுமைப் புரட்சி வந்து பஞ்சாப், ஹரியானாவுல தானியம் குவிஞ்சது. பிரச்சினை தலைகீழா மாறிச்சு. விளையுற இடம் வடமேற்கு, சாப்பிடுற வாய் நாடு முழுக்க. நடுவுல ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல ரயில்.

அப்ப ஓடினது பெரும்பாலும் நாலு சக்கரப் பெட்டி. அப்புறம் எட்டு சக்கரம் வச்ச பி.சி.எக்ஸ். ரெண்டுக்கும் வாக்குவம் பிரேக். வண்டி நீளமானா, கனமானா, வாக்குவம் பிரேக் சரியா பிடிக்காது. அதனால பெரிய வண்டி ஓட்ட முடியாது.

1980-களில் ரெண்டு மாற்றம் வந்தது. ஒண்ணு இரும்புல, இன்னொண்ணு யோசனையில.

இரும்புல வந்தது பி.சி.என். பி-ன்னா போகி, சி-ன்னா மூடியது, என்-னா ஏர் பிரேக். வார்ப்பு எஃகு போகி, உறுதியான இணைப்பு, நாற்பது பெட்டிக்கு மேல ஒரே வண்டியா இழுக்கலாம்.

யோசனையில வந்தது அதைவிடப் பெருசு. அதுவரைக்கும் ஒரு வியாபாரி ஒரு வேகன் புக் பண்ணலாம். அது யார்டு யார்டா பிரிச்சு, சேர்த்து, மறுபடி பிரிச்சு, எப்பவோ போய்ச் சேரும். 1980 முதல் 1983 வரை ரயில்வே போர்டு தலைவரா இருந்த எம்.எஸ். குஜ்ரால், கிளம்புற இடத்துல இருந்து சேர்ற இடம் வரைக்கும் முழு ரேக்கா ஓட்டுங்கன்னு மாத்தினார். அதே வேகன்கள், அதே பாதை, ஆனா ஏத்துற சரக்கு கூடிச்சு. புது ஹார்ட்வேர் வாங்காம அல்காரிதம் மாத்தி வேகம் கூட்டின மாதிரி.

ஆனா இதுக்கு ஒரு விலை இருந்தது. ஒரு வேகன், ரெண்டு வேகன் புக் பண்ணின சின்ன வியாபாரிகளுக்கு ரயில்ல இடம் இல்லாம போச்சு. அவங்க லாரிக்குப் போனாங்க. சின்ன ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டுகள் ஒண்ணொண்ணா பூட்டு போட்டுக்கிட்டு, ஆடு கட்டுற இடமாச்சு. ரயில்ல போகும்போது பாருங்க, ஓடு உடைஞ்ச ஷெட் ஒண்ணு எந்த ஊர்லயாவது கண்ணுல படும்.

2005 வாக்குல, அதே வேகன்ல கூடுதலா ஏத்திக்கலாம்னு அனுமதி கொடுத்தாங்க. இப்ப உணவுக் கழகக் கணக்குல ஒரு சாதாரண ரேக்னா 42 வேகன், சுமார் 2,600 டன். அதுக்கு அடுத்ததுதான் நான் விழுப்புரத்துல பார்த்த பி.சி.என்.எச்.எல். பழைய பி.சி.என். வெறும் பெட்டியே சுமார் 27 டன், ஆரம்பத்துல ஏத்தினது 55 டன் சுமார். புதுசு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெறும் பெட்டி சுமார் 21 டன்தான், ஏட்டுப்படி 70 டன் ஏத்தலாம். ஒரு டன் இரும்பு ரெண்டு டன் சரக்கை இழுத்தது, இப்ப மூணு டன்னுக்கு மேல இழுக்குது. நீளமும் 15 மீட்டர் சொச்சத்துல இருந்து 11 மீட்டரா குறைஞ்சதால, அதே லூப் லைனுக்குள்ள 58 பெட்டி நிக்கும். தண்டவாளத்தை நீட்டாம வண்டியைப் பெருசாக்கிட்டாங்க. என்ஜினியரா எனக்கு இது ரொம்பப் பிடிச்ச டிசைன்.

ஆனா...

கதவு மாறலையே!

இவ்வளவு மாறியும் பெட்டிக்குக் கதவு அதே பக்கவாட்டுலதான் இருக்கு. உள்ளே அதே மூட்டைதான். 2,600 டன்னை 50 கிலோவால வகுத்துப் பாருங்க, 52,000 மூட்டை. 200 பேர் இறக்குறாங்கன்னு வச்சுக்குவோம். ஆளுக்கு 260 மூட்டை, அதாவது 13 டன். அதுவும் குறிச்ச நேரத்துக்குள்ள. தாமதமானா டெமரேஜ். புது வேகன் ரேக்ல 3,500 டன்னுக்கு மேல வந்தா 70,000 மூட்டை.

வேகன் எவ்வளவு பெருசாச்சோ, அவ்வளவு பாரமும் கடைசியா இறங்குறது அந்தத் தோள்லதான். சர்வரை எத்தனை கோர் ஆக்கினாலும், ஒரு இடத்துல ஒருத்தர் உட்கார்ந்து கையால டைப் பண்ணிக்கிட்டு இருந்தா அந்த வேகம்தான் மொத்த வேகம்.

மத்த நாட்டுல என்ன பண்ணினாங்க? கனடாவுல ரொம்ப நாளைக்குச் சாதாரண மரப் பெட்டியிலதான் கோதுமை போச்சு. மூட்டை இல்லாம, கதவுக்குக் குறுக்கே பலகை அடிச்சு மேலே வழியா கொட்டுவாங்க. துறைமுகத்துல ஆள் இறங்கி மண்வெட்டியால வாருவான், இல்லைன்னா ஒரு பெரிய இயந்திரம் பெட்டியையே தூக்கிச் சாய்க்கும். அமெரிக்காவுல 1961-ல் சதர்ன் ரயில்வே (நம்மது இல்லைங்க, அவங்களுக்கும் ஒண்ணு இருந்தது) பிக் ஜான்னு ஒரு அலுமினிய ஹாப்பர் வேகன் கொண்டு வந்தாங்க. மேலே கொட்டு, கீழே திற, அவ்வளவுதான். வாடகையைப் பாதிக்கும் கீழே குறைக்கிறோம்னாங்க. படகுக் கம்பெனிகள் எதிர்த்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. கனடா அரசு 1972-ல் இருந்து தானே காசு போட்டு ஆயிரக்கணக்கில் ஹாப்பர் வாங்கிக் கொடுத்தது. அதெல்லாம் கிழடு தட்டினதும், 2018-ல் கனடியன் பசிபிக் கம்பெனி, நீளம் குறைஞ்ச, கொள்ளளவு கூடின 5,900 புது ஹாப்பர் வாங்குறோம்னு அறிவிச்சது. கிட்டத்தட்ட நம்ம பி.சி.என்.எச்.எல். கணக்குதான், ஆனா அடியில திறக்கிற கதவோட.

நம்ம நாட்டுலயும் முயற்சி இல்லாம இல்லை. 2000-ல் தானியத்தை மொத்தமா கையாளணும்னு தேசியக் கொள்கை போட்டாங்க. 2005-ல் உணவுக் கழகம் அதானி அக்ரி லாஜிஸ்டிக்ஸோட ஒப்பந்தம் போட்டது. பஞ்சாப் மோகாவிலயும் ஹரியானா கைத்தல்லயும் ரெண்டு லட்சம் டன் கொள்ளுற சைலோக்கள். மோகாவுல இருந்து கோதுமையை மூட்டையே இல்லாம ஹாப்பர் வேகன்ல கொட்டி, சென்னைக்கு வடக்கே எளாவூருக்கும், கோயம்புத்தூருக்கும், பெங்களூருக்கும் கொண்டு வர்றாங்க. இங்கே 25,000 டன் சைலோ. எளாவூர் நம்ம பாண்டியில இருந்து 200 கிலோமீட்டர் சுமார். ஆனா அது வேற உலகம்.

அப்ப எல்லாத்தையும் அப்படி மாத்தலாமேன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். மாட்டிக்கிட்டு இருக்கிற இடங்கள் இவை:

1. கோதுமைக்குத் தோல் இருக்கு, தாங்கும். நாம சாப்பிடுறது உமி நீக்கின அரிசி. ஈரத்துக்கும் பூச்சிக்கும் சுலபமா மசியும். அரிசிக்கு சைலோ கட்டிப் பார்க்கிறதே பீகார்ல பக்சர், கைமூர் பக்கம் சோதனையாத்தான் தொடங்கினாங்க.

2. ஹாப்பர் வேகன் தானியத்தை இறக்கிட்டு வெறுமனே திரும்பணும். சாதாரணப் பெட்டி திரும்பும்போது சிமென்ட் மூட்டையோ உர மூட்டையோ ஏத்திக்கும்.

3. 1987 சணல் சட்டம். தானியத்தைச் சணல் சாக்குலதான் கட்டணும்னு சட்டமே இருக்கு. வங்காளத்துச் சணல் விவசாயி, ஆலைத் தொழிலாளி பிழைப்பு அதுல இருக்கு.

4. என் தாத்தா மாதிரி ஆளுங்க.

கூட்டின அரிசி

நாலாவதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும். இதை அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் ரொம்ப லேட்டா.

தாத்தா ஷெட்டுல தூக்கும்போது, ஆயா வெளியில நிப்பாங்களாம். ரேக் காலியானதும் அவங்களை மாதிரி பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க துடைப்பமும் முறமுமா உள்ளே போவாங்க. தண்டவாள ஓரம், பலகை இடுக்கு, வேகன் மூலை எல்லாம் கூட்டி, கல்லு மண்ணு புடைச்சு, கழுவி, காய வச்சு... எங்க வீட்டுல அதுக்குப் பேரு ஷெட் அரிசி. கூலி இல்லாத நாள்ல அதுதான் உலையில போச்சு. அப்பாவும் அத்தைங்களும் வளர்ந்ததுல ஒரு பங்கு அதுதான். கல்லைக் கடிச்சு அப்பாவோட ஒரு பல்லு ஓரம் உடைஞ்சிருக்கும், இன்னிக்கும் காட்டுவார்.

நான் ஆபீஸ்ல உட்கார்ந்து இந்த வேகன் சமாச்சாரம் எல்லாம் படிக்கும்போது, போக்குவரத்து இழப்புன்னு ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். குறைக்க வேண்டிய எண். டேஷ்போர்டுல சிவப்புல காட்ட வேண்டிய எண். அந்த இழப்புக்குள்ள எங்க அப்பா உட்கார்ந்து சோறு தின்னுக்கிட்டு இருக்கார்னு எந்த அட்டவணையிலயும் வராது.

உடனே, அப்ப பழையபடியே இருக்கட்டும்னு நான் சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. அந்தத் தோள் மேட்டைத் தொட்டவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஒரு குடும்பம் சாப்பிட, மூட்டை ஓட்டையா இருக்கணும்கிறது ஒரு ஏற்பாடே இல்லை. தாத்தாகிட்ட ஒரு தடவை, அப்ப நான் காலேஜ் மூணாவது வருஷம், ஹாப்பர் வேகன் வீடியோ ஒண்ணு போன்ல காட்டினேன். அடிக்கதவு திறந்ததும் தானியம் அருவி மாதிரி கொட்டுது. ஒரு ஆள் இல்லை. அவர் திரும்பத் திரும்ப மூணு தடவை பார்த்தார்.

"நல்லா இருக்குடா. தோளு தப்பிச்சுது." கொஞ்சம் நேரம் கழிச்சு, "அந்த ஆளுங்கள என்னா பண்ணானுவ?"ன்னு கேட்டார்.

என்கிட்ட பதில் இல்லை. இன்னிக்கும் இல்லை.

கடைசி தோள்

இன்னொரு விஷயம் சொல்லி முடிச்சிடறேன். 2015 செப்டம்பர்ல பாண்டிச்சேரியில ரேஷன் அரிசிக்குப் பதிலா வங்கிக் கணக்குல பணம் போடுற திட்டம் வந்தது. சண்டிகரும் நாமும்தான் முதல் சோதனை எலிகள். அப்புறம் அரிசியா பணமான்னு துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் முதல்வர் நாராயணசாமிக்கும் நடந்த சண்டை நீதிமன்றம் வரைக்கும் போனது எல்லாருக்கும் தெரியும். ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தது. 2024 அக்டோபர்ல தீபாவளிக்கு முன்னாடிதான் திரும்பத் திறந்து இலவச அரிசி கொடுக்க ஆரம்பிச்சாங்க.

யோசிச்சுப் பாருங்க. ஏழு தோளையும் ஒரே அடியில இல்லாம பண்ற வழி பணம் போடுறதுதான். வேகன் வேண்டாம், சாக்கு வேண்டாம், லோடுமேன் வேண்டாம், சிதறல் பூஜ்ஜியம். என் மாதிரி ஆளுங்களுக்கு இதைவிட அழகான டிசைன் கிடைக்காது. நானும் அப்ப அதைத்தான் வீட்டுல வாதாடினேன். அம்மா சொன்னது: "பணம் வந்தா அது கரண்டு பில்லுக்குப் போயிடும்டா. அரிசி வந்தா அது உலைக்குத்தான் போகும்."

குழாய் எந்தப் பக்கம் ஓடணும்னு குழாய் முடிவு பண்றதில்லைன்னு மேலே சொன்னேனே, அதேதான். 27 டன் பெட்டியை 21 டன் ஆக்குறது என்ஜினியர் வேலை, அதை நம்மாளுங்க பிரமாதமா பண்ணியிருக்காங்க. அடுத்து கதவைக் கீழே வைக்கிறதும் ஒரு நாள் நடக்கும், நடக்கணும். அன்னிக்கு "அந்த ஆளுங்களை என்ன பண்ணினீங்க"ங்கிற கேள்விக்கு ஒரு வரி பதிலாவது திட்ட அறிக்கையில இருக்கணும். அது என்ஜினியர் வேலை இல்லைன்னு நாம தப்பிச்சுக்கிட்டா, அப்புறம் யார் வேலை?

போன மாசம் வீட்டுக்குப் போன உடனே ரேஷன் அரிசி மூட்டை கூடத்து மூலையில இருந்தது. அம்மா முறத்துல போட்டுப் புடைச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். சுத்தமா இருந்தது, கல்லே இல்லை. அப்பா பக்கத்துல உட்கார்ந்து, கீழே சிதறின நாலு மணியை ஒவ்வொண்ணா பொறுக்கி முறத்துல போட்டுக்கிட்டு இருந்தார்.

பி.கு: உங்க ஊர்ல பூட்டிக் கிடக்கிற கூட்ஸ் ஷெட் ஏதாவது இருந்தா, அதுல வேலை பார்த்தவங்க யாரையாவது தெரிஞ்சா, பின்னூட்டத்துல நாலு வரி எழுதுங்க. வேகனுக்கு நம்பர் போட்டு ரயில்வே கணக்கு வச்சிருக்கு. தூக்கினவங்களுக்கு நாமதான் வைக்கணும்.